மேற்படி ஆந்தையும் வாரிசுகள் நால்வரும்

ஜனவரி 4, ஞாயிறு

லிப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறை இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே. உள்ளே நம் சங்கப் பொருளாளர் கிட்டுசாமியும் அவர் சம்சாரம் வசந்தாமணியும், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவை நெம்பி இருவரையும் இறக்கினோம். இறங்கியதும் வசந்தாமணி அம்மாள் என்னைப் பார்த்த பார்வை, ஒரு குடியிருப்போர் நலச் சங்கத் தலைவரைப் பார்க்கும் பார்வையாக இல்லை.

மெக்கானிக் வந்தான். பராமரிப்பு ஒப்பந்தம் போன ஆகஸ்டிலேயே முடிந்துபோயிற்று, இன்னும் புதுப்பிக்கவில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். இங்கிதம் தெரியாத ஆள். அந்தக் கோப்பு என் மேஜையில்தான் பரிசீலனையில் இருக்கிறது. வருவாய்த் துறையில் காலமெல்லாம் உழைத்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கோப்பை எப்போது நகர்த்துவது என்று எனக்கு லிப்ட் மெக்கானிக் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நல்லவேளை, அதே நேரம் வாட்ச்மேன் மொட்டை மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். லிப்ட் மோட்டார் அறைக்குள் ஆந்தை அடைந்திருக்கிறதாம்.

"அட, அப்பறம் எப்பிடீங்க லிப்ட் ஓடும்?" என்றார் கிட்டுசாமி. "ஆந்தை அடையற எடம் உருப்படுங்ளா?"

கூட்டம் மெக்கானிக்கை அப்படியே விட்டுவிட்டு ஆந்தைப் பக்கம் திரும்பியது. சங்கப் பதிவேட்டில் நானே எழுதினேன்: லிப்ட் கோளாறுக்குக் காரணம் ஆந்தை. விசாரணை நிலுவையில்.

என் சம்சாரம் தெய்வானை சந்தையிலிருந்து வரத் தாமதம். எங்கள் வீடு நான்காம் மாடி. காய்கறிப் பையோடு இரண்டாம் மாடிப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்று வாட்ச்மேன் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். ஒன்றுமில்லை என்பதைப் பதிவு செய்துகொண்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

நேரடிக் கள ஆய்வு. மோட்டார் அறையின் காற்றுத் துவாரத்தில் இருந்த வலை எப்போதோ பிய்ந்துவிட்டது (அதுவும் பரிசீலனையில்). உள்ளே பரண். பரண்மேல் போன புத்தாண்டு விழாவுக்கு அடித்த பிளக்ஸ் பேனர் பாதி விரிந்து கிடக்கிறது. பேனரில் என் படம். என் நெற்றிக்கு நேர்மேலே நான்கு வெள்ளை முட்டைகள். அவற்றின்மேல் மேற்படி ஆந்தை.

வெள்ளை முகம், கறுத்த கண். நான் டார்ச் அடித்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் புஸ்ஸென்று சீறியது. மிரட்டுகிறது! யாரை? நான் பயப்படவில்லை. வேறு அலுவல் இருந்ததால் கீழே இறங்கினேன்.

வனத்துறைக்குப் போன் போட்டேன். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டில் கை வைத்தால் கேஸ் ஆகிவிடும், பறந்து போகும்வரை பொறுங்கள் என்றார் எதிர்முனையில் ஒருவர். ஆகவே முறைப்படி ஆதாரம் திரட்ட முடிவு செய்தேன். பரணுக்கு எதிரே இருட்டிலும் தெரியும் கேமரா. ஆந்தை நம் சொத்துக்கு விளைவிக்கும் சேதம் முழுவதும் பதிவாக வேண்டும்.

ஜனவரி 8, வியாழன்

கேமரா மாட்டியாயிற்று. ஒரு சிறு நிர்வாகக் குழப்பம். கேமராக்காரன் இதை வாசல் கேமரா இருக்கும் அதே ஆப்பில் சேர்த்துவிட்டான். அந்த ஆப் இருபத்து நான்கு வீட்டுப் போனிலும் இருக்கிறது. ஆக, நான் ரகசியமாகத் திரட்ட நினைத்த ஆதாரத்தை மொத்தக் குடியிருப்பும் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 10, சனி

மாலை காபி குடித்தபடி ஆதாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முட்டையில் விரிசல். விரிசலுக்குள் ஏதோ அசைந்தது. காபி ஆறிப்போனது தெரியவில்லை. கடைசியில் ஒரு ஈரமான, ரோஸ் நிறமான, அசிங்கமான வஸ்து வெளியே விழுந்தது. கண்ணே திறக்கவில்லை. தலையைத் தூக்கப் பார்க்கிறது, முடியவில்லை, பேனரில் என் மூக்கின்மேல் தொப்பென்று விழுகிறது. மறுபடி தூக்குகிறது.

சேதம் எதுவும் இன்று பதிவாகவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொன்றாக நான்கும் பொரிந்துவிட்டன. நிர்வாக வசதிக்காக வாரிசு எண் ஒன்று முதல் நான்கு வரை எனக் குறித்திருக்கிறேன். மூத்தது ஏற்கெனவே கோலிக்குண்டு மாதிரி உருண்டுவிட்டது. நான்காவது, பாவம், மூத்ததின் காலடியில் மிதிபடுகிறது. எலி வந்தால் மூத்தவை மூன்றும் முண்டியடித்து வாங்கிக்கொள்கின்றன. நான் கையெழுத்துப் போட்ட வாரிசுச் சான்றுகளிலும் இதே கதைதான். கடைசிப் பிள்ளை எப்போதும் வாசற்படிக்கு வெளியேதான் நிற்கும்.

இன்று ஒரு விஷயம். ஹாலில் என் போனில் குஞ்சுகள் சீறிக்கொண்டிருந்தன, குக்கர் விசிலுக்கு முன்னால் விடுமே, அந்த மாதிரி மூச்சு. போனின் சத்தத்தைக் குறைத்தேன். சீறல் குறையவில்லை. சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருக்கிறது. தெய்வானை உப்பு ஜாடிக்கு முட்டுக்கொடுத்துப் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன பண்ற?"

"சும்மா, மணி பாத்தனுங்க."

"எத்தன மணி?"

"கடைசிக்குட்டி இன்னும் ஒண்ணும் திங்கலீங்க" என்றாள்.

ஜனவரி 17, சனி

பொங்கல் மூன்று நாளும் குடியிருப்பில் தண்ணீர் இல்லை. தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்துபோய்விட்டது. காயில் மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் நவம்பரில் எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் யாரும் நவம்பரைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் ஆந்தையைப் பற்றித்தான் பேசினார்கள். முதல் மாடி மாணிக்கத்தின் மருமகனுக்கு விசா கிடைக்காததும் ஆந்தையால்தானாம். மருமகன் இருப்பது ஓசூரில்.

கிட்டுசாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "தலைவருங்க, இந்தச் சனியன் இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா அத வெரட்டுனது நீங்கன்னு பேரு வந்துச்சுன்னா, அடுத்த அஞ்சு வருசமும் நீங்கதான் தலைவரு."

யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜனவரி 18, ஞாயிறு

செயற்குழு. கூட்டில் கை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை, என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. நாம் ஏன் கூட்டைத் தொட வேண்டும்? நம்முடைய மோட்டார் அறையில் நாம் ஒரு கணபதி ஹோமம் செய்தால் எந்தச் சட்டம் தடுக்கும்? சாமி கும்பிடுவது குற்றமா? புகை பாட்டுக்குப் புகை போகிறது. அதற்குப் பிறகு துவாரத்தைப் பூசிவிடலாம்.

கிட்டுசாமி எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தாலுக்கா ஆபீஸ் மூளைன்னா சும்மாவுங்ளா!" குருக்களிடம் கேட்டு பிப்ரவரி 16 என்று நாள் குறித்தோம். தீர்மானத்தில் நான் கையெழுத்திட்டேன். பச்சை மையில்.

ஜனவரி 20, செவ்வாய்

படியில் ஏறும்போது மூன்றாம் மாடி ஷர்மிளா பானு வழிமறித்தார். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார், வாடகைக்கு இருப்பவர்.

"சார், அந்த ரூம் மொத்தமே பத்துக்குப் பத்து. அதுல ஹோமம் வளத்தா நாலு குஞ்சும் மூச்சு முட்டியே செத்துரும் சார். அதுகளுக்கு இன்னும் பறக்கவே தெரியாது. தாய் தப்பிச்சிரும், குஞ்சு எங்க சார் போகும்?"

"உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றேன்.

"நீங்க தெனமும் பாக்கறீங்கல்ல சார்? ஆப்புல யாரு பாக்கறாங்கன்னு பேரு காட்டுது. எப்பத் தொறந்தாலும் உங்க பேருதான் மொதல்ல நிக்குது."

அந்த வசதியை ஆப்பில் நீக்க முடியுமா என்று கேமராக்காரனிடம் விசாரிக்க வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

வாரிசு எண் நான்கு இன்று முதன்முதலாக ஒரு முழுச் சுண்டெலியை விழுங்கியது. வால் வெளியே தொங்க, திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது. "முழுங்கு, முழுங்கிரு" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். நான்தான். தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் போனை டீவியோடு இணைத்துவிட்டாள், பெரிதாகத் தெரிகிறது. அவளுடைய ஏழரை மணி சீரியலை அவளே தியாகம் செய்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்காக ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

ஜனவரி 23, வெள்ளி

ஹோமத்தை மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டால் நிர்வாக ரீதியாக நல்லது என்று தோன்றியது. அதற்குள் அவை தாமாகவே பறந்துவிடும். கோயிலுக்குப் போய்க் குருக்களிடம், "சாமி, பதினாறாம் தேதி எனக்குச் சந்திராஷ்டமம் மாதிரி இருக்குது, கொஞ்சம் பாருங்க" என்று ஜாடையாகச் சொன்னேன். அவர் என் நட்சத்திரம் கேட்டார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார், விரலை மடக்கினார்.

"நல்லவேளை சொன்னீங்க. பதினாறு ஆகவே ஆகாது. ஒன்பதாம் தேதி வெச்சுக்கலாம். அமோகமா இருக்கு."

ஒரு வாரம் முன்னதாக. தட்சணை கொடுத்துவிட்டு வந்தேன். மனசே சரியில்லை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம் சிறப்பாக நடந்தது. ஜனநாயகத்தின் மேன்மை பற்றிப் பேசினேன். மிட்டாய் கொடுத்தோம்.

கலைந்து போகும்போது ஷர்மிளா பானு ஒரு மனுவை நீட்டினார். வாடகைக்காரர்களும் இளவட்டங்களுமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஹோமத்தை நிறுத்தப் பொதுக்குழு கூட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன். இரண்டாம் பத்தியில், "லிப்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதது தலைவரின் அலட்சியம், பழி ஆந்தை மீது" என்று எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரைப் பார்த்து அலட்சியம்?

சங்கத்தைப் பதிவு செய்த காலத்து விதிகளை எடுத்துப் படித்தேன். விதி எட்டு: கிரயப் பத்திரம் எவர் பெயரில் உள்ளதோ அவரே உறுப்பினர், அவருக்கே வாக்கு. இத்தனை வருடமாக யாரும் கண்டுகொள்ளாத விதி. உடனே சுற்றறிக்கை விட்டேன். பொதுக்குழு பிப்ரவரி 8, ஞாயிறு. விதி எட்டு கண்டிப்பாக அமலாகும். பத்திரத்தின் நகலோடு வரவும்.

வாடகைக்காரர்களின் வாய் அடைந்தது. கிட்டுசாமி பாயசம் கொடுத்தனுப்பினார்.

ஜனவரி 28, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது தெய்வானை ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏனுங்க, நம்ம வீட்டுப் பத்திரம் எம் பேர்லதானுங்களே இருக்குது?" என்றாள்.

ஆமாம். நான் பணியில் இருந்தபோது, இங்கே விவரிக்கத் தேவையில்லாத சில காரணங்களுக்காக அவ்வாறு பதிவு செய்யப்பட்டது.

"அதனால என்ன? நீ ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்கிட்டக் குடுத்துட்டா ஆச்சு" என்றேன்.

"பாத்துக்கலாங்க" என்றாள்.

விசாரித்ததில், பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பெண்டாட்டிமார் பெயரில் இருக்கின்றன. கிட்டுசாமி வீடு உட்பட. இரண்டு நாளாகக் குடியிருப்பில் ஆண்கள் எல்லோரும் வீட்டில் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எலி கொண்டுவரும் ஆண் ஆந்தையை நேற்றிலிருந்து காணவில்லை. பக்கத்துச் சாலையில் வண்டியில் அடிபட்டிருக்கலாம் என்று ஷர்மிளா பானு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். தாய் மட்டும் ஓடி ஓடிக் கொண்டுவருகிறது. போதவில்லை. நான்காவதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. சத்தம்கூடப் போடவில்லை.

தெய்வானை டீவியை அணைத்துவிட்டாள். "என்னால பாக்க முடியலீங்க" என்றாள். அவள் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசியாக இருக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். தூசி இல்லை.

பிப்ரவரி 4, புதன்

வளாகத்தில் எலித் தொல்லை மிகுந்திருப்பதால் பொதுச் சுகாதாரம் கருதி மூன்று எலிக்கூண்டு வாங்கி வைத்தேன். விடிந்ததும் ஒன்றில் விழுந்திருந்தது. வாட்ச்மேன் அதை அடித்துக் கொடுத்தார். அதை முறைப்படி அப்புறப்படுத்தும் பொருட்டு, இடுக்கியில் பிடித்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனேன்.

ஸ்டூல்மேல் ஏறிப் பரணுக்குள் நீட்டினேன். மூத்ததுகள் மூன்றும் பாய்ந்து வந்தன. "அட, தள்ளுங்கடா! உங்களுக்கு இல்ல, தம்பிக்கு! வா சாமி, வா, தின்னு கண்ணு" என்றேன். நான்காவது தயங்கித் தயங்கி வந்து, இடுக்கியிலிருந்து பிடுங்கி, ஒரே விழுங்கு. என் வாழ்நாளில் எந்தப் பயனாளிக்கும் உதவித்தொகை இவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்ததில்லை. அதற்குள் தாய் பின்னாலிருந்து வந்து என் மண்டையில் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தது. ஸ்டூலோடு விழுந்தேன்.

கீழே இறங்கி வரும்போது ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஷர்மிளா பானு பஞ்சும் டெட்டாலும் நீட்டினார்.

கேமரா. நானே வாங்கி, நானே மாட்டச் சொன்ன கேமரா.

பிப்ரவரி 5, வியாழன்

"வா சாமி, தின்னு கண்ணு" என்று நான் சொல்லும் காட்சி மாணிக்கத்தின் மருமகன்வரை போய்விட்டது. அது தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் அனுப்பினேன். எலிக்கூண்டில் இன்றும் ஒன்று விழுந்தது. அதையும் அப்புறப்படுத்தினேன். இன்று தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன்.

மாலையில் கிட்டுசாமி வந்தார். உட்காரவில்லை.

"தலைவருங்க, ஆந்தைக்கு எலி ஊட்டுற ஆளு தலைவரா இருந்தா ஊரு சிரிக்காதுங்ளா? ஒண்ணு பண்ணுங்க. ஹோமத்துல யஜமானரா நீங்களே உக்காருங்க. உங்க கையால நெய் ஊத்துங்க. இல்லீன்னா பொதுக்குழுவுல ராஜினாமாவக் குடுத்துருங்க. லிப்டு கதை, மோட்டார் கதை எல்லாத்தையும் நானே எந்திரிச்சுப் பேசிருவனுங்க."

நல்லது என்றேன். ஆறு வருடத் தலைவர் பதவி. பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து, போக இடமில்லாமல் நான் வாசலில் நின்ற கோலம் கிட்டுசாமிக்குத் தெரியாது. தெய்வானைக்குத் தெரியும்.

பிப்ரவரி 6, வெள்ளி

யஜமானர் என்றால் சம்சாரம் பக்கத்தில் உட்கார வேண்டும். தெய்வானையிடம் சொன்னேன். திங்கட்கிழமை விடிகாலை, மஞ்சள் சேலை போதும் என்று.

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நா உக்கார மாட்டனுங்க."

முப்பத்தொன்பது வருடத்தில் நான் கேட்காத வாக்கியம் அது.

"அந்த நாலு உசுரையும் பொகையில போட்டுக் கொல்றதுக்கு எங்கையில தர்ப்பையக் குடுக்காதீங்க. பாவம் சுத்துமுங்க. நீங்க உக்காரணும்னா தனியா உக்காந்துக்குங்க" என்றாள். பிறகு, ஏதோ பால்காரனைப் பற்றிச் சொல்வது போல, "லிப்டு மக்கர் பண்ண ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சுங்க. இப்ப ஒரு மாசமா நாலு மாடி தெனமும் ஏறுறேன். எம் முட்டி போச்சு. ஆந்தையா பண்ணுச்சு?" என்றாள்.

நான் ஆகஸ்டிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். ஆறு மாதம் சரிதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பொதுக்குழு. பார்க்கிங்கில் நாற்காலி போட்டிருந்தோம். இதுவரை நடந்த எந்தக் கூட்டத்துக்கும் இவ்வளவு பெண்கள் வந்ததில்லை. ஒவ்வொருவர் கையிலும் பத்திரத்தின் நகல். ஆண்கள் பின்வரிசையில். ஷர்மிளா பானுவுக்கு வாக்கு இல்லை என்பதால் கேட்டுக்கு வெளியே நின்றார்.

கிட்டுசாமி எழுந்தார். "தலைவரு இப்பவே எல்லாரு முன்னாலயும் சொல்லட்டுங்க. நாளைக்கு ஹோமம் உண்டா, இல்லையா? தீர்மானத்துல அவரு கையெழுத்து இருக்குது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்டு என்று சொன்னால் பதவி இருக்கும். இல்லை என்று சொன்னால், கையெழுத்துப் போட்ட தீர்மானத்தை மீறிய தலைவன் ஆவேன், கிட்டுசாமி வேறு ஆளை உட்காரவைத்து நாளைக் காலையே நடத்திவிடுவார். தீர்மானம் தீர்மானம்தான். முன்வரிசையில் தெய்வானை. நான் கேட்ட கடுதாசியை அவள் எழுதித் தரவே இல்லை. கையில் பத்திர நகலை மடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். விதிப் புத்தகத்தைத் திறந்தேன்.

"விதி எட்டின்படி பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே உறுப்பினர். என் வீட்டுப் பத்திரம் என் மனைவி பெயரில் இருக்கிறது. ஆகவே நான் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவன் தலைவர் இல்லை. தலைவர் இல்லாதவன் போட்ட கையெழுத்து செல்லாது. ஹோமத் தீர்மானம் செல்லாது."

பெண்கள் தங்கள் பத்திர நகலைப் பிரித்துப் பார்த்தார்கள்.

"அதெப்பிடீங்க?" என்றார் கிட்டுசாமி. "அப்ப ஆறு வருசமா நீங்க போட்ட கையெழுத்து?"

"ஒன்றுகூடச் செல்லாது."

"அப்ப நீங்க விட்ட சுற்றறிக்கையும் செல்லாதுங்களே!"

"சுற்றறிக்கை செல்லாவிட்டாலும் விதி செல்லும். அது நான் எழுதியதில்லை, சங்கத்தோடு பிறந்தது. பொருளாளரே, உங்கள் வீடு யார் பெயரில்?"

கிட்டுசாமி வாயைத் திறந்தார். வசந்தாமணி அம்மாள் முந்திக்கொண்டார்.

"எம் பேர்லதானுங்க. எங்கப்பன் போட்ட நகைய வித்து வாங்குனது. நீங்க உக்காருங்க" என்றார் புருஷனைப் பார்த்து. கிட்டுசாமி உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த அம்மாள் எல்லோர் பக்கமும் திரும்பி, "லிப்டுக்குள்ள மாட்டுனது நானுங்க. அன்னிக்கு மெக்கானிக் சொன்னது எங்காதுல நல்லா உளுந்துச்சு. ஆந்தையப் பத்தி அவன் ஒரு வார்த்த சொல்லல" என்றார்.

நான் மேஜையை விட்டு விலகிப் பின்வரிசைக்குப் போனேன். ஆண்களுக்கு நடுவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உறுப்பினர்கள் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வசந்தாமணி அம்மாள் தெய்வானையின் பெயரைச் சொல்ல, கைகள் உயர்ந்தன. தெய்வானை எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மேஜைக்கு நடந்தாள்.

ஆறு வருடத்தில் அவள் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்று நினைத்திருந்தேன். அவளுக்கு யாரும் அழைப்பு அனுப்பியதில்லை. உறுப்பினர் அவள், அழைப்பு மட்டும் என் பெயருக்கே வந்தது. அனுப்பியவனும் நான்தான். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆந்தைக்காகத்தான் இதைச் செய்தேன் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். முற்றிலும் ஆதாரமற்றது. விதி விதிதான்.

பிப்ரவரி 9, திங்கள்

ஹோமம் வாசல் பிள்ளையாருக்கு முன்னால், திறந்தவெளியில் நடந்தது. குருக்களுக்கு ஆட்சேபம் இல்லை. கிட்டுசாமியும் வசந்தாமணியும் உட்கார்ந்தார்கள். பொங்கல் நன்றாக இருந்தது.

பத்து மணிக்குத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். லிப்ட் கோப்பை எடுத்தார், தூசியைத் தட்டினார், கையெழுத்துப் போட்டார். மொத்தமே ஐந்து நிமிடம். இதில் இவ்வளவு நாளாக நான் எதைப் பரிசீலித்தேன் என்று கேட்டார். சாப்பாட்டு வேளையில் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

எலி ஒன்று. நான்காம் வாரிசுக்கு முகத்தில் இதயம் மாதிரி வெள்ளை வளையம் வந்துவிட்டது. என்னைக் கண்டால் சீறுவதில்லை. தாய் மட்டும் இன்னும் நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

மார்ச் 11, புதன்

மூத்தவை மூன்றும் போய்விட்டன. நான்காவது மட்டும் துவாரத்து விளிம்பில் வந்து நின்று, கீழே பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். கிட்டுசாமிகூட ஒன்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

அந்தி மயங்கும் நேரம். தலைவர் லிப்டில் மொட்டை மாடிக்கு வந்தார். நான் முன்பே போய் நின்றிருந்தேன். அந்தக் குஞ்சைத் திரையில் அல்லாமல் கண்ணெதிரே பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. "ஏனுங்க, எவ்வளவு பெருசாயிருச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அது விளிம்பில் நின்றது. இறக்கையை விரித்தது, மடக்கியது. மறுபடி விரித்தது. காற்று பலமாக அடித்தது. கீழே ஒரு வலை கட்டலாமா, தாம்பாளத்தைத் தட்டி ஒரு சத்தம் கொடுக்கலாமா, ஸ்டூலைக் கொண்டுவந்து பின்னாலிருந்து லேசாக ஒரு தள்ளு தள்ளலாமா என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"நீங்க சும்மா நில்லுங்க" என்றாள் தெய்வானை. "அது போகும்."

நின்றேன்.

அது போயிற்று. தென்னை மரங்களுக்கு மேலே, சத்தமே இல்லாமல். இதில் என் தரப்பில் நடவடிக்கை எதுவும் தேவைப்படவில்லை.